இனக்குழு இல்லாத ஸ்கிரிப்ட் மொழியில் அறுபத்துமூவர் உலா: விளையாட்டு எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா. கபாலீசுவரர் வெள்ளி விமானத்தில் வர, நாயன்மார்கள் பல்லக்குகளில் நான்கு மாட வீதிகளையும் வலம் வருவார்கள். வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல், அன்னதானம், பலூன்காரர், தோளோடு தோள் உரசும் கூட்டம். இதை ஒரு சிறு கணினி விளையாட்டாக்க வேண்டும் என்று என் அக்கா மகள் ஆசைப்பட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு சிறுவன் குடத்தில் மோர் எடுத்துக்கொண்டு ஓடி, பல்லக்குத் தூக்குவோரின் தாகம் தீர்க்க வேண்டும். அதுதான் விளையாட்டு. நிஜ உலாவில் ஒரே பல்லக்கில் நாயன்மார்கள் பலர் சேர்ந்து எழுந்தருள்வார்கள். விளையாட்டில் அவள் ஆளுக்கொரு பல்லக்கு கொடுத்துவிட்டாள். ஆக 63 பல்லக்குகள்.

அவள் எடுத்துக்கொண்ட எஞ்சினின் (விளையாட்டை இயக்கும் மென்பொருளின்) ஸ்கிரிப்ட் மொழியில் மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) உண்டு, அணி (மதிப்புகளின் எண்ணிட்ட வரிசை) உண்டு, செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி) உண்டு. இனக்குழு (தகவலையும் செயலையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்பு) இல்லை, பொருள் (அந்த வார்ப்பில் பிறக்கும் உருப்படி) இல்லை, மரபுரிமம் (ஒரு வார்ப்பின் தன்மைகளை இன்னொன்று பெறுவது) இல்லை. ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அழைத்தாள்.

"மாமா, இரண்டு பல்லக்குகள் தெப்பக்குளத்துக்குள் இறங்குகின்றன. இன்னொன்று வடக்கு மாட வீதியில் கடைச் சுவருக்குள் நுழைகிறது. மற்றவை எல்லாம் ஒழுங்காகப் போகின்றன."

"பிழைச் செய்தி ஏதாவது வந்ததா, கண்ணு?"

"ஒன்றுமே வரவில்லை மாமா. அதுதான் பயமாக இருக்கிறது."

அவள் பயந்தது சரி. பொருள்நோக்கு வசதி, அதாவது நிரலை இத்தகைய பொருள்களாகப் பிரித்து எழுதும் வசதி, இல்லாத மொழியின் உண்மையான ஆபத்து அந்த மௌனம்தான். இந்த வழிகாட்டி அந்த மூன்று பல்லக்குகளிலிருந்து தொடங்குகிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலைத் தமிழில் படித்தவர்களுக்குப் பழக்கமான இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம் (ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு வகையும் தன் வழியில் பதில் சொல்வது) என்ற சொற்களையே பயன்படுத்துகிறேன். நிரல் துணுக்குகளைத் தமிழ்ச் சொற்களால் எழுதியிருக்கிறேன். உங்கள் மொழியின் இலக்கணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், தெப்பக்குளத்தில் இறங்கியது ஏன்?

அவளிடம் ஆறு அணிகள் இருந்தன: பெயர், கிழமேல், தென்வடல், திசை, வேகம், தாகம். 17ஆம் பல்லக்கின் செய்தி முழுவதும் ஒவ்வோர் அணியிலும் 17ஆம் இடத்தில் இருக்கும். இதற்கு இணை அணிகள் என்று பெயர். முதல் பல்லக்கு வலம் முடித்துக் கோயிலுக்குத் திரும்பியதும் அதை நீக்கிவிட்டு, பின்னால் இருப்பவற்றை ஓரிடம் முன்னே தள்ளினாள். ஐந்து அணிகளைத் தள்ளினாள். ‘திசை’ அணி விட்டுப்போனது.

அப்படியானால் எல்லாப் பல்லக்குகளும் அல்லவா திசை மாறியிருக்க வேண்டும்? மாறத்தான் செய்தன. ஒவ்வொரு பல்லக்குக்கும் தனக்கு முன்னால் போன பல்லக்கின் திசை வந்து சேர்ந்தது. ஆனால் தெற்கு மாட வீதியில் வரிசையாகப் போகிறவை எல்லாமே மேற்கு நோக்கித்தான் போகின்றன. முன்னால் போகிறவரின் திசையும் மேற்கு, என் திசையும் மேற்கு. தவறு இருக்கிறது, வெளியே தெரியவில்லை. வீதி முனையில் மட்டும் கதை வேறு. முன்னால் போனது திரும்பிவிட்டது, பின்னால் வருவது இன்னும் முனையைத் தொடவில்லை. தென்மேற்கு முனையில் அப்படி வந்த பல்லக்கு, ராமகிருஷ்ண மடம் சாலையை அடையும் முன்பே வடக்கே திரும்பிக் குளத்தில் இறங்கியது. வடமேற்கு முனையில் வந்தது கிழக்கே திரும்பிக் குளத்தில் இறங்கியது. வடகிழக்கில் வந்தது தெற்கே திரும்பிச் சுவருக்குள் போனது. வரிசையின் கடைசி ஆள் தென்கிழக்கு முனையைத் தாண்டிவிட்டதால் அங்கே சேதமில்லை. சாலையில் இருந்த 62இல் 59 பல்லக்குகள் தற்செயலாகத்தான் சரியாகப் போய்க்கொண்டிருந்தன.

இனக்குழு உள்ள மொழியில் இந்தத் தவறை இந்த வடிவத்தில் செய்யவே முடியாது. திசை பல்லக்கின் உள்ளே இருக்கும். பல்லக்கை நீக்கினால் திசையும் கூடவே போய்விடும்.

படி 1: உங்கள் மொழியில் இல்லாதது எது என்று கண்டுபிடியுங்கள்

"பொருள்நோக்கு இல்லை" என்று ஒரே வார்த்தையில் புலம்புவதால் பயனில்லை. பொருள்நோக்கு என்பது ஒரு வசதியல்ல, நான்கு வசதிகளின் மூட்டை. ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு ஒன்று காணாமல் போயிருக்கும். புது ஸ்கிரிப்ட் மொழியைத் தொடும் முதல் நாளே இந்த நான்கையும் பத்து வரி நிரல் எழுதிச் சோதியுங்கள்.

பல மதிப்புகளை ஒரே பெயருக்குள் கட்டிவைக்க முடியுமா? ஒரு செயற்கூற்றை மாறியிலோ அணியிலோ வைத்துப் பிறகு அழைக்க முடியுமா? ஒன்றை அழித்த பிறகு, அதைச் சுட்டிக்கொண்டிருந்த வேறு மாறிகளுக்கு என்ன ஆகிறது? பொதுவான நடத்தையை ஒருமுறை எழுதி, வேண்டிய இடத்தில் மட்டும் மாற்ற முடியுமா?

விளையாட்டு ஸ்கிரிப்ட் மொழிகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த நான்கும் எவ்வளவு விதமாகக் கலந்து கிடந்தன என்பது புரியும். 1996இல் வந்த குவேக் விளையாட்டின் குவேக் சி மொழியில் அணியே கிடையாது. ஆனால் செயற்கூற்றை ஓர் உருவின் (விளையாட்டில் உள்ள ஏதோ ஒன்றின்) புலத்தில், அதாவது ஒரு தகவலுக்குரிய இடத்தில், வைக்கலாம். ஓர் உருவின் ‘யோசி’ புலத்தில் ஒரு செயற்கூற்றையும், ‘அடுத்து யோசிக்கும் நேரம்’ புலத்தில் ஒரு நொடியையும் வைத்தால், எஞ்சின் அந்த நேரத்தில் அதை அழைக்கும். உருவுக்கு ஒரே வகைதான். கதவும் அரக்கனும் தோட்டாவும் எல்லாப் புலங்களையும் சுமந்துகொண்டிருக்கும். கதவுக்கும் தோட்டா எண்ணிக்கைக்கு ஓர் இடம் உண்டு.

2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் ஜாஸ் மொழி இதற்கு நேர்மாறு. அணி உண்டு. மூட்டை கட்ட வழியில்லை, செயற்கூறுகளை அணியில் அடுக்கவும் முடியாது. அதனால் ரசிகர்களே வி ஜாஸ் என்றொரு மேல்பூச்சு மொழியை உருவாக்கினார்கள். அதில் நீங்கள் அழகாக ஒரு கட்டமைப்பை (பல மதிப்புகளின் மூட்டையை) எழுதினால், அது திரைக்குப் பின்னால் இணை அணிகளாக மாற்றப்படும். அன்றைய ஜாஸ் அணியில் 8192 இடங்கள்தான். எனவே ஒரு கட்டமைப்பில் ஒரே நேரத்தில் சுமார் 8190 உருப்படிகளுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது. என் அக்கா மகள் கையால் செய்ததை அங்கே ஒரு கருவி செய்தது, தவறாமல் செய்தது.

அதே 2002இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் விளையாட்டின் மொழியில் கட்டமைப்பு உண்டு, அணி இல்லை. ஓர் உருவின்மேல் பெயர் சொல்லி ஓர் எண்ணை ஒட்டிவைக்கலாம், பெயர் சொல்லித் திரும்பக் கேட்கலாம். அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் பதில் 0. "தாகம்" என்று எழுதிவிட்டு "தாக்கம்" என்று கேட்டால் பிழைச் செய்தி வராது, பூச்சியம் வரும். தெப்பக்குளத்தின் அதே மௌனம். இத்தகைய மொழியில் புலப் பெயர்களையெல்லாம் மாறிலிகளாக (மாறாத மதிப்புக்கு இட்ட பெயர்களாக) ஒரே கோப்பில் அறிவித்து, வேறெங்கும் மேற்கோள் குறிக்குள் எழுதாமல் இருப்பது ஒன்றே வழி. மாறிலியின் பெயரில் எழுத்துப் பிழை விட்டால் மொழிமாற்றி அங்கேயே நிறுத்திவிடும்.

1993இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவா மொழி தனி ரகம். இனக்குழு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் டேபிள் (பெயர் சொல்லி மதிப்புகளை வைக்கும் மூட்டை) என்ற ஒரே கட்டமைப்பும், செயற்கூற்றை மதிப்பாகக் கையாளும் வசதியும், ஒரு டேபிள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் மெட்டாடேபிளும் இருப்பதால் நான்கையும் நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

படி 2: பிறக்கும் இடம் ஒன்று, நீங்கும் இடம் ஒன்று

அணிகள் மட்டுமே உள்ள மொழியில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் படிதான் உங்களைக் காப்பாற்றும். பல்லக்கைச் சேர்க்கும் இடமும் நீக்கும் இடமும் நிரலில் ஒவ்வொன்றாகத்தான் இருக்க வேண்டும்.

செயற்கூறு பல்லக்கு_சேர்(பெ, கி, தெ, தி, வே)
    இ = காலி_இடம்_தேடு()
    பெயர்[இ] = பெ
    கிழமேல்[இ] = கி
    தென்வடல்[இ] = தெ
    திசை[இ] = தி
    வேகம்[இ] = வே
    தாகம்[இ] = 0
    உள்ளது[இ] = உண்மை
    திருப்பு இ
முடிவு

செயற்கூறு பல்லக்கு_நீக்கு(இ)
    உள்ளது[இ] = பொய்
முடிவு

நீக்கும்போது எதையும் தள்ளவில்லை, நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இல்லை’ என்று குறித்ததோடு சரி. பல்லக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் சுழற்சியில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியில்) ‘உள்ளது’ பொய்யாக இருந்தால் தாண்டிப் போய்விடலாம். நீக்கிய இடத்தில் கடைசி உருப்படியைக் கொண்டுவந்து வைக்கும் முறையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அது வேகமானது, ஆயிரக்கணக்கான தோட்டாக்களுக்கு நல்லது. 63 பல்லக்குகளுக்கு வேண்டாம். வரிசை குலையும், 17ஆம் இடம் என்று வேறெங்கோ குறித்துவைத்ததும் கெட்டுப்போகும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் காலி இடங்களைத் தாண்டும் செலவு ஒரு பொருட்டே இல்லை.

எட்டாவதாக ‘களைப்பு’ என்றோர் அணி தேவைப்படும் நாளில், ‘சேர்’ செயற்கூற்றில் அதன் தொடக்க மதிப்பை எழுதாமல் வேறெதையும் தொடாதீர்கள். காலியான இடத்தில் புதிதாக வந்து உட்காருபவருக்குப் பழையவரின் களைப்பு மிச்சமிருக்கக் கூடாது.

மூட்டை கட்டும் வசதி உள்ள மொழியானால் இந்தப் படி ஒரு வரியில் முடிந்துவிடும். பல்லக்குக்கு ஒரு டேபிள், அவ்வளவுதான். இதற்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. கேம்மேக்கர் என்ற எஞ்சினின் மொழியில் விளையாட்டு உருக்களுக்குப் பெற்றோர், பிள்ளை உறவு நெடுநாளாகவே இருந்தது, ஆனால் வெறும் தகவலைக் கட்டிவைக்கும் எளிய கட்டமைப்பு 2020இல் வந்த 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை பட்டியல், வரைவு (பெயர் சொல்லி மதிப்பைத் தேடும் அட்டவணை) போன்ற தரவுக் கட்டமைப்புகளை உருவாக்கினால் கையில் கிடைப்பது வெறும் எண். பட்டியல் 0 என்றும் இருக்கும், வரைவு 0 என்றும் இருக்கும். ஒன்றின் எண்ணை இன்னொன்றிடம் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். உருவாக்கியதை நீங்களே அழிக்கவும் வேண்டும், மறந்தால் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும். பழைய பதிப்பில் எழுதிய நிரலைப் பராமரிப்பவர்கள் இன்றும் இதை எதிர்கொள்வார்கள்.

படி 3: அடையாளம்

மோர்க்குடச் சிறுவன் 17ஆம் பல்லக்கை நோக்கி ஓடுகிறான். ‘இலக்கு = 17’ என்று குறித்துவைத்திருக்கிறோம். அவன் போய்ச் சேருவதற்குள் 17ஆம் பல்லக்கு கோயிலுக்குள் போய்விட்டது. காலியான 17ஆம் இடத்தில் ஒரு பலூன்காரர் பிறந்துவிட்டார். சிறுவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, பலூன்காரரின் தாகத்தைத் தீர்த்துவிட்டு வருவான். இங்கேயும் பிழைச் செய்தி வராது.

எண் இடத்தைத்தான் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. தீர்வு பழையது, எளியது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தலைமுறை எண் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போதெல்லாம் அதை ஒன்று கூட்டுங்கள்.

கைப்பிடி = தலைமுறை[இ] * 1000 + இ

17ஆம் இடத்தின் மூன்றாம் தலைமுறை என்றால் கைப்பிடி 3017. சிறுவன் இதைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். பல்லக்கு நீங்கியதும் தலைமுறை 4 ஆகிவிடும். 3017ஐப் பிரித்தால் இடம் 17, தலைமுறை 3 என்று வரும். இப்போது அங்கே 4 இருக்கிறது, எனவே நாம் தேடியவர் போய்விட்டார். சிறுவனை நிறுத்தி வேறு பல்லக்கைத் தேடச் சொல்லலாம். இந்தக் கணக்கு ஓர் எஞ்சினில் ஆயிரத்துக்கும் குறைவான இடங்களுக்குச் சரி, அதற்கு மேல் போனால் பெருக்கும் எண்ணைக் கூட்டுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: எண்களையெல்லாம் 32 பிட் மிதவைப் புள்ளியாக (பதின்மப் புள்ளி உள்ள எண்களுக்கான வடிவில்) வைக்கும் மொழியில் 1,67,77,216க்கு மேல் முழு எண்கள் துல்லியமாக நிற்காது. கைப்பிடி அதைத் தாண்டக் கூடாது.

குவேக்கின் எஞ்சின் இதே சிக்கலை வேறு விதமாகத் தணித்தது. நீக்கிய உருவின் இடத்தை அரை நொடி கழியும்வரை வேறு யாருக்கும் கொடுக்காது. தொடக்க இரண்டு நொடிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. கைப்பிடி அளவுக்கு உறுதியான தீர்வல்ல. ஆனால் உங்கள் மொழியில் எதுவுமே முடியாதபோது இந்த அரை நொடி இடைவெளியும் கைகொடுக்கும்.

படி 4: "நீ யார்?" என்று கேட்பதைக் குறையுங்கள்

விளையாட்டில் இப்போது ஐந்து வகை: பல்லக்கு, மோர்ப் பந்தல், பலூன்காரர், தள்ளுவண்டி, கூட்டம். ஒவ்வொன்றும் நகர வேண்டும், திரையில் வரையப்பட வேண்டும், தொட்டால் பதில் சொல்ல வேண்டும், சேமிக்கப்பட வேண்டும். பல்லுருவாக்கம் இல்லாத மொழியில் இது "பல்லக்கு எனில் இது, பலூன்காரர் எனில் அது" என்று நீளும் நான்கு பெரிய ‘எனில்’ ஏணிகளாக வளரும். ஆறாவதாக ஒரு நாதஸ்வரக் குழுவைச் சேர்க்க நினைத்தால் நான்கு ஏணிகளிலும் ஏற வேண்டும். ஒன்றில் மறந்தால் நாதஸ்வரக் குழு நகரும், வரையப்படும், ஆனால் சேமித்துத் திறந்தால் காணாமல் போயிருக்கும்.

செயற்கூற்றை மாறியில் வைக்க முடிகிற மொழியானால் ஏணியை உடைத்து அட்டவணையாக்குங்கள்.

நகர்வு["பல்லக்கு"] = பல்லக்கு_நகர்
நகர்வு["பலூன்காரர்"] = பலூன்காரர்_நகர்

ஒவ்வொரு சுற்றிலும் நகர்வு[வகை[இ]](இ) என்று ஒரே அழைப்பு. விளையாட்டு தொடங்கும்போதே ஐந்து வகைகளுக்கும் நான்கு அட்டவணைகளிலும் பதிவு இருக்கிறதா என்று ஒரு சிறு சுழற்சி சரிபார்க்கட்டும். இருபது கட்டங்கள், ஒன்று காலியாக இருந்தாலும் விளையாட்டு தொடங்கக் கூடாது.

ஜாஸைப் போல அந்த வசதியும் இல்லையென்றால் ஏணியோடுதான் வாழ வேண்டும். அப்போதும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வகையைப் பார்த்து முடிவெடுக்கும் ஏணி ஒவ்வொரு செயலுக்கும் ஒன்றுதான், அது ஒரே கோப்பில்தான். அதன் கடைசிப் படியில் இப்படி ஒரு வரி கட்டாயம்:

இல்லையெனில்
    நிறுத்து("நகர்: தெரியாத வகை", வகை[இ])

தெரியாத வகை வந்தால் நிரல் சத்தம் போட வேண்டும். என் அனுபவத்தில், பொருள்நோக்கு இல்லாத நிரலில் ஒரு வரியைத்தான் சேர்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சேர்ப்பேன்.

படி 5: பகிர்ந்துகொள்வது, அதன் பொறி

மரபுரிமத்தைக் கையால் கட்டுபவர்கள் லுவாவில்தான் அதிகம். ஒரு மாதிரி டேபிளை வைத்து, "என்னிடம் இல்லாததை அங்கே தேடு" என்று மெட்டாடேபிளில் சொல்லிவிடுவது வழக்கம்.

பலூன்காரர் = { வேகம் = 2, கையிருப்பு = {} }

இதை மாதிரியாக வைத்துப் பத்துப் பலூன்காரர்களை உருவாக்குகிறீர்கள். மூன்றாமவரின் வேகத்தை 5 ஆக்கினால் அவர் வேகம் மட்டும் மாறும். மூன்றாமவரின் கையிருப்பில் ஒரு சிவப்புப் பலூனைச் சேர்த்தால் பத்துப் பேர் கையிலும் சிவப்புப் பலூன் இருக்கும்.

காரணம் நுட்பமானது. வாசிக்கும்போதுதான் தேடல் மாதிரிக்குப் போகிறது. எழுதும்போது அவரவர் டேபிளிலேயே எழுதப்படுகிறது. வேகத்தை 5 ஆக்குவது எழுதுவது, அது அவரிடமே நின்றுவிடும். பலூனைச் சேர்ப்பது அப்படியில்லை. முதலில் ‘கையிருப்பு’ என்ற பட்டியலை வாசிக்கிறோம். அவரிடம் அது இல்லை, தேடல் மாதிரிக்குப் போய்ப் பொதுப் பட்டியலைக் கொண்டுவருகிறது. அதற்குள் பலூனை வைக்கிறோம். எனவே பட்டியல், டேபிள் எதையும் மாதிரியில் வைக்காதீர்கள். உருவாக்கும் செயற்கூற்றில் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்று கொடுங்கள். எண்ணும் எழுத்துச் சரமும் மாதிரியில் இருக்கலாம்.

அடுத்து, மரபுரிமத்தை ஆழமாக வளர்க்காதீர்கள். ‘நகர்வன’ என்றொரு மாதிரி, ‘விற்பன’ என்றொரு மாதிரி. தள்ளுவண்டி எதன் பிள்ளை? இரண்டுக்கும் பிள்ளை என்றால் ஒற்றைச் சங்கிலித் தேடல் போதாது. இந்தக் கேள்வி இனக்குழு உள்ள மொழியிலும் தொல்லைதான். அதனால்தான் 1998இன் தீஃப், 2002இன் டன்ஜன் சீஜ் போன்ற விளையாட்டுகள் உருக்களைப் பரம்பரையாக அடுக்காமல் கூறுகளாகப் பிரித்துச் சேர்த்தன. நடை ஒரு கூறு, தாகம் ஒரு கூறு, விற்பனை ஒரு கூறு. பல்லக்குக்கு நடையும் தாகமும். பந்தலுக்கு எதுவும் விற்கும் வேலையில்லை, கொடுக்கும் வேலைதான். தள்ளுவண்டிக்கு நடையும் விற்பனையும்.

இந்த இடத்தில்தான் இணை அணிகள்மீது எனக்கு மரியாதை வருகிறது. கூறுகளாகப் பிரிப்பதற்கு அவை அப்படியே பொருந்துகின்றன. தாகம்[இ] என்ற அணியில் மதிப்பு இருந்தால் அவருக்குத் தாகம் உண்டு, -1 என்றால் அந்தக் கூறே இல்லை. இனக்குழு இல்லாத மொழி நம்மைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து நிறுத்திய இடம், பெரிய எஞ்சின்கள் விரும்பி வந்து சேர்ந்த இடத்துக்குப் பக்கத்து வீதி.

படி 6: மறைத்தலும் சேமித்தலும்

உள்தகவலை மறைக்கும் வசதி இந்த மொழிகளில் பெரும்பாலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் திசை[17]ஐ மாற்றலாம். பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு, "இந்தக் கோப்புக்கு வெளியே இதைத் தொடாதே" என்று குழுவுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது போதும். லுவாவில் செயற்கூற்றுக்குள் அடைத்து மறைக்க முடியும். ஆனால் ஒவ்வோர் உருவுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் பிறக்கும், ஆயிரம் உருக்களுக்கு அது வீண் சுமை.

சேமிப்பதில் நமக்கே லாபம். எல்லா அணிகளையும் வரிசையாகக் கோப்பில் எழுதினால் விளையாட்டு முழுவதும் சேமிக்கப்பட்டுவிட்டது. செயற்கூற்றை மட்டும் சேமிக்க முயலாதீர்கள், வகையின் பெயரைச் சேமியுங்கள். திறக்கும்போது படி 4இன் அட்டவணை அதற்குரிய செயற்கூற்றைக் கொடுக்கும். தலைமுறை எண்களையும் சேமிக்க மறக்க வேண்டாம். அவை இல்லாமல் திறந்தால் சிறுவன் கையில் இருக்கும் 3017 செல்லாது.

படி 7: மௌனத்தைக் கலைக்கும் சோதனை

கடைசியாக, விளையாட்டைத் திரையில் பார்த்துச் சரிபார்ப்பதை நம்பாதீர்கள். 59 பல்லக்குகள் எப்படி நம்மை ஏமாற்றின என்று பார்த்தோம். திரையே இல்லாமல் ஓடும் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். அது பத்தாயிரம் முறை ஏதோ ஓர் உருவைச் சேர்க்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும். சேர்க்கும்போது ஒவ்வோர் உருவுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை அதன் எல்லா அணிகளிலும் எழுதுங்கள். 41ஆம் உருவுக்குக் கிழமேல் 41, திசை 41, வேகம் 41. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், உள்ள உருக்கள் அனைத்துக்கும் எல்லா அணிகளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அணி ஓரிடம் பிசகினாலும் அந்தச் சுற்றிலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

அக்கா மகளின் பழைய நிரலை இந்தச் சோதனையில் முதலில் ஓட்டினோம். முதல் நீக்கத்திலேயே நின்றது: இடம் 1, கிழமேல் 2, திசை 1. அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா, இந்த ஒரு வரி அன்றைக்கே தெரிந்திருந்தால் இரவு இரண்டு மணிவரை குளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்."

பிறகு ‘சேர்’, ‘நீக்கு’ இரண்டையும் மாற்றி எழுதி மறுபடி ஓட்டினாள். பத்தாயிரம் சுற்றும் நிற்காமல் ஓடியது. அதன் பிறகுதான் நாதஸ்வரக் குழுவைச் சேர்க்கத் தொடங்கினாள்.